சாய்ந்து உறைந்த சாறு

விஜயதசமி அன்று காலை ஒன்பது இருபதுக்கு என் மகள் கல்லூரியிலிருந்து கைப்பேசியில் அழைத்தாள். நேரம் நன்றாக நினைவிருக்கிறது. அன்று எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை. பத்து மணிக்குள் வந்துவிடும்படி தலைமையாசிரியர் சொல்லியிருந்ததால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“அப்பா, சாறு பூராம் சாஞ்சு ஒறைஞ்சிருக்குப்பா.”

“கொட்டிருச்சா?”

“கொட்டல. சாஞ்சு ஒறைஞ்சிருக்கு.”

அதற்கு மேல் அவள் பேசவில்லை. பின்னால் ஏதோ இயந்திரம் உறுமும் சத்தமும், அவள் மூச்சு விடும் சத்தமும் மட்டும் கேட்டன. பிறகு இணைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். தலைமையாசிரியரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். மதுரை சாலையில் எந்த வேகத்தில் போனேன் என்று தெரியாது. வாழைக்கன்று கட்டிய பேருந்துகளும், பொட்டு வைத்த லாரிகளும் எதிரே வந்துகொண்டே இருந்தன.

என் மகள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று யாராவது கேட்டால், “தக்காளிச் செடியின் சாறு” என்பேன். கேட்டவர் ரசம், சட்னி என்று எதையாவது நினைத்துக்கொண்டு தலையாட்டுவார். நானும் விடுவேன். ஆனால் இங்கே சரியாகச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊரைச் சுற்றித் தோல் பதனிடும் ஷாப்புகள் எத்தனையோ இருந்தன. சில இன்னும் இருக்கின்றன. என்றோ மூடிப்போன ஒரு ஷாப்பின் பின்புறம் உள்ள தோட்டங்களில் கிணற்றுத் தண்ணீர் இப்போதும் உப்புக் கரிக்கும். தோலைப் பதப்படுத்தப் போட்ட குரோமியம் அந்த மண்ணில் தங்கியிருக்கிறது. அதே மண்ணில் தக்காளி நன்றாகவே காய்க்கிறது. என் மகள் கேட்டது ஒரே கேள்வி. வேர் உறிஞ்சும் அந்த உலோகம் வேரோடு நின்றுவிடுகிறதா, தண்டு வழியாக மேலே ஏறுகிறதா? ஏறினால் எது அதைத் தூக்கிக்கொண்டு போகிறது?

உலோகம் தனியாக ஏறாதாம். செடி தன் சாற்றில் கரைத்து வைத்திருக்கும் கரிம அமிலங்களில் ஒன்று அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. எலுமிச்சையில் புளிப்பது சிட்ரிக் அமிலம். பச்சை மாங்காயில் மாலிக் அமிலம். பசலைக் கீரை தின்றால் பல் கூசுமே, அது ஆக்சாலிக் அமிலம். இவையெல்லாம் தக்காளித் தண்டுக்குள்ளும் துளித்துளியாக ஓடுகின்றன.

ஒரு துளியில் எந்த அமிலம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் முறைக்குப் பாடப்புத்தகத்தில் வண்ணப்பிரிகை என்று பெயர். பெயரில்தான் வண்ணம். சாறு தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். அவள் எனக்கு அதை விளக்கியபோது, எங்கள் பள்ளிக்கூடம் விடுகிற காட்சியோடு ஒப்பிட்டுத்தான் நான் புரிந்துகொண்டேன். மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் வெளியே ஓடுகிறார்கள். ஆனால் வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை மாங்காய்க் கீற்று, நெல்லிக்காய், பஞ்சுமிட்டாய் என்று தள்ளுவண்டிகள். ஒன்றையும் ஏறிட்டுப் பார்க்காதவன் முதலில் வந்து சேருகிறான். ஒவ்வொரு வண்டியிலும் நின்று வேடிக்கை பார்ப்பவன் கடைசியில் வருகிறான். தினமும் அதே ஆள் அதே நேரத்தில். அந்தத் தெருதான் இயந்திரத்துக்குள் இருக்கும் குழாய். வந்து சேரும் நேரத்தை வைத்து வந்தது யார் என்று சொல்லிவிடலாம். திரையில் கோடு எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பதை வைத்து எவ்வளவு பேர் என்று சொல்லிவிடலாம்.

“சரியாத்தான் சொல்ற. ஆனா இத நான் தீஸிஸ்ல எழுத முடியாதுல்ல?” என்று சிரித்தாள்.

சாறு எடுப்பதுதான் பெரும்பாடு. வெயில் ஏறுவதற்கு முன் செடியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் புது பிளேடால் வெட்ட வேண்டும். மேல் பாகம் போய்விடும். வேர் அது தெரியாமல் இன்னும் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். வெட்டுவாயில் நீர் கோக்கும். முதலில் வருவது காயம்பட்ட இடத்தின் சாறு. அதைத் துடைத்துவிட வேண்டும். அதற்குப் பின் ஊறுவதைத்தான் துளித்துளியாக எடுத்து, விரல் நகம் உயரக் குழாய்களில் விட்டு, பனிக்கட்டியில் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நானும் பல விடிகாலைகளில் அந்தத் தோட்டத்தில் நின்றிருக்கிறேன். செடி பூக்கும் முன் ஒரு முறை, பூத்தபோது ஒரு முறை, காய்த்தபோது பல முறை. எல்லாக் குழாய்களும் கல்லூரி ஆய்வகத்து டீப் ஃப்ரீசரில் உறைந்து கிடந்தன. விடுமுறை முடிந்ததும் ஒவ்வொன்றாக இயந்திரத்தில் ஏற்றுவதாக இருந்தாள்.

நான் போனபோது அவள் ஆய்வகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆய்வகம் பளபளவென்று இருந்தது. கண்ணாடிக் குடுவை, தராசு, கணினி என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். அந்த வண்ணப்பிரிகை இயந்திரத்துக்கு ஒரு முழம் கதம்பம் சாத்தியிருந்தது. மூலையில் பொரியும் கடலையும் சிதறிக் கிடந்தன.

ஒரு குழாயை எடுத்து என்னிடம் நீட்டினாள். அடியில் உருண்டையாக இருக்க வேண்டிய பனி, குழாயின் ஒரு பக்கச் சுவரோடு நீளவாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“நிக்க வச்சு ஒறைய வச்சதுப்பா. அடியிலதான் இருக்கணும். படுக்கப் போட்டாலும் ஐஸு எடம் மாறாது. மாறிருக்குன்னா…”

உருகித் தண்ணீராகி, அதன் பிறகு படுத்த நிலையில் மறுபடி உறைந்திருக்கிறது. அதற்குள் எனக்கும் புரிந்துவிட்டது.

பூசையன்று காலையில் ஆய்வக உதவியாளர் ஃப்ரீசரை அணைத்திருக்கிறார். ஓய்வுபெறும் வயதை நெருங்குகிறவர். அந்த ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் கம்பி உடைந்தால்கூட அன்றைக்குச் சாப்பிட மாட்டார் என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். ஆயுத பூசை அவருக்குப் பெரிய நாள். வருடமெல்லாம் உழைத்த இயந்திரங்கள் அன்று ஓய்வெடுக்க வேண்டும், குளிக்க வேண்டும். ஃப்ரீசர் கதவில் பனி மண்டிச் சரியாகச் சாத்தவே இல்லை என்று அவருக்கு ரொம்ப நாளாகக் குறை. அதனால் பெட்டிகளையெல்லாம் எடுத்து மேசையில் வரிசையாக வைத்து, வெந்நீர் ஊற்றிப் பனியைக் கரைத்து, உள்ளே வெளியே துடைத்து, ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் ஒரு பொட்டு வைத்து, பூசை முடிந்து மாலையில் திரும்ப அடுக்கி ஃப்ரீசரைப் போட்டிருக்கிறார். புத்தகம் அடுக்குவது போல, பெட்டிகளைப் பக்கவாட்டில். அப்படி அடுக்கினால்தான் நிறைய இடம் கிடைத்தது.

அவர் வாசல் படியில் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை.

“திறக்கக் கூடாதுன்னு ஒட்டியிருந்தாங்க சார். பாத்தேன். படிக்கிற பசங்களுக்குன்னு நெனச்சுக்கிட்டேன். எனக்கும் சேத்துத்தான்னு தோணல.”

கோபப்படுவதற்காகத்தான் நான் திரும்பினேன். அவர் கையில் அந்தக் கதம்பத்தின் மிச்சம் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். நான் மகள் பக்கமே திரும்பிக்கொண்டேன்.

அப்படியும் என் மகள் ஒரு குழாயை உருக்கி, வடிகட்டி, இயந்திரத்தில் ஏற்றினாள். அந்தக் குழாயை நிரப்பிய அதே நாளில் எடுத்த சாற்றை முன்பு ஒரு முறை சோதனைக்காக ஓட்டிப் பார்த்திருந்தாள். அந்தப் பழைய கோடு திரையில் ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம். மாலிக் அமிலம் வர வேண்டிய நேரத்தில் கோடு மலை போல் எழும்ப வேண்டும். ஒரு சின்ன மேடுகூட வரவில்லை. சிட்ரிக் அமிலம் பாதியாகக் குறைந்திருந்தது. அதற்கெல்லாம் பின்னால், யாருமே வரக்கூடாத ஒரு நேரத்தில், புதிதாக ஒன்று எழுந்து நின்றது. மேசையில் கிடந்த ஒரு பகலில் கிருமிகள் அமிலத்தைத் தின்று வேறொன்றாக ஆக்கிவிட்டன என்றாள்.

அன்று மாலை என் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு அவளைத் தேற்றப் பார்த்தாள்.

“ஏன்டி, உருகுன ஐஸ்கிரீம மறுபடி ஃப்ரீசர்ல வச்சா அது ஐஸ்கிரீம் இல்லன்னு ஆயிருமா?”

“நீ தின்னு பாத்திருக்கியாம்மா? மண்ணு மாதிரி கரகரங்கும்.”

“அதையும் திங்கிறவுக திங்கத்தான செய்றாக.”

“என் பேர போட்டு அத நான் விக்க முடியாதும்மா.”

பல நாட்களுக்கு அவள் பேசிய கடைசி நீளமான வாக்கியம் அதுதான். அதற்குப் பிறகு வந்த நாட்களை எழுதுவது எனக்கு இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. அவள் அழவில்லை, கத்தவில்லை. தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருப்பாள். கேட்டதற்கு ‘ம்’ சொல்வாள். குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் உட்கார்ந்திருப்பாள். ஆராய்ச்சி மாணவர்களைப் பற்றி செய்தித்தாள்களில் படித்ததெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பள்ளியில் வரலாற்றுப் பாடம் நடத்தும்போது பாதியில் நின்றுவிட்டு, வராந்தாவுக்குப் போய் வீட்டுக்கு போன் செய்வேன். மனைவி எடுத்துப் பேசிய பிறகுதான் வகுப்புக்குத் திரும்புவேன்.

ஒரு மதியம் அவள் கடைக்குப் போயிருந்தபோது, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவள் அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். கழற்றிய பிறகு அதை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. அரிசி டிரம்முக்குள் போட்டேன்.

அவள் வந்து கதவைச் சாத்தினாள். பிறகு வெளியே வந்தாள்.

“தாழ்ப்பா எங்கப்பா?”

“துரு புடிச்சிருந்துச்சு. மாத்தணும்.”

“பூட்டு ஊருல இருந்துக்கிட்டு ஒரு தாழ்ப்பாளுக்கு இம்புட்டு நேரமா?” என்றவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அப்பா, நான் செத்துப் போற அளவுக்கு இல்ல. எனக்குக் கோவமா வருது, அவ்ளோதான். யார் மேலன்னு தெரியல. அதான் பேசாம இருக்கேன்.”

மாலையில் மனைவி சோறு வைக்க அரிசி அள்ளப் போய், டிரம்முக்குள்ளிருந்து தாழ்ப்பாளை எடுத்து வந்து ஒன்றும் கேட்காமல் என் முன்னால் வைத்தாள். “அரிசியில கல்லு கெடக்கும், வண்டு கெடக்கும். இது புதுசா இருக்கு,” என்று மட்டும் சொன்னாள். மகள் சிரித்தாள். சத்தம் போட்டுச் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

அதன் பிறகுதான் அவள் தன் பேராசிரியையிடம் மனம் விட்டுப் பேசினாள். அவர் சொன்னது இது. பூக்கும் முன்பும் பூத்தபோதும் எடுத்த சாற்றை, அந்த மண்ணைக் கொண்டுவந்து தொட்டிகளில் செடி வளர்த்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் காய்த்த செடியின் சாறு அந்தத் தோட்டத்தில், அந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்த செடியிலிருந்துதான் வர வேண்டும். மழை இறங்கிவிட்டால் கிணறு நிரம்பித் தண்ணீர் மாறிவிடும். பிறகு அடுத்த வருடம்தான். அவளுக்குக் கிடைத்துவந்த உதவித்தொகை அதற்குள் நின்றுவிடும். ஆக, அந்தத் தோட்டத்தில் இன்னும் செடி நிற்கிறதா, அதை வெட்ட விடுவார்களா என்பதில்தான் எல்லாமே இருந்தது.

செடி நின்றது. ஆனால் தோட்டக்காரர் போனை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைத் திருப்பலி முடிந்ததும் நான் மட்டும் கிளம்பிப் போனேன். என்னைவிடச் சில வயது மூத்தவர். முன்பெல்லாம் எங்களைப் பார்த்ததும் கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். அன்று மோட்டார் ரூம் வாசலில் நின்றபடியே பேசினார். அவர் மனைவி சற்றுத் தள்ளிக் கூடையில் கடைசிப் பறிப்பைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஒரே ஒரு விடிகாலை போதும். இருபது செடி. காய்ப்பு முடிஞ்ச செடிதான?”

“செடி போனாப் போகுது சார். அதுக்கா நான் பாக்குறேன்? நாளன்னைக்கு டிராக்டர விட்டு ஓட்டப் போறேன். வெங்காயம் வைக்கணும்.”

“பெறகு என்னண்ணே?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “மார்க்கெட்டுல கேக்குறாய்ங்க சார். ‘என்னய்யா, ஒந் தக்காளிக்கு ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்றாகளாமே, சுகரா, கொலஸ்ட்ராலா’ன்னு. அவய்ங்களுக்கு நக்கலு. எம் பெட்டிய மட்டும் ஒருத்தன் மோந்து பாத்துட்டு ஓரமா வைக்கிறான்.”

“உங்க பேரோ ஊரோ எதுலயும் வராது. என் பொண்ணு சத்தியமாச் சொல்லியிருக்கா.”

“வராதுங்க. தெரியும். நான் சொல்றது வேற.” குரலைத் தாழ்த்தினார். “நாளைக்கு அந்தப் பிள்ளை ரிசல்ட்டோட வந்து நிக்கும். பழத்துக்கு ஏறுதுன்னு சொன்னா, அப்புறம் நான் எந்த மனசோட இத பெட்டியில அடுக்குவேன்? ஏறலன்னு சொன்னா எவன் நம்புவான்? எனக்கு வேற மண்ணு இல்ல சார். வேற தண்ணியும் இல்ல. தெரியாம இருக்கிற வரைக்கும் நான் வெவசாயி. தெரிஞ்சு போச்சுன்னா நான் யாரு?”

வரலாற்றுப் பாடம் நடத்துகிறவன் நான். எந்தக் கேள்விக்கும் இரண்டு பக்கம் பேசுவேன். ஆனால் அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. நானே அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன்? என் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவன் என்பதால், “செத்த நேரம் யோசிச்சுச் சொல்லுங்கண்ணே,” என்றேன்.

“யோசிக்கத்தான் செய்யிறேன்,” என்றார். “ராவும் பகலுமா அதத்தான செய்யிறேன்.”

அவர் மனைவி தலை நிமிரவே இல்லை. நான் வண்டியை எடுக்கும்போது மட்டும், தரம் பிரித்த பழத்தில் ஒன்றைக் கையில் வைத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை அப்படியே சொன்னேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. மகள் கேட்டுவிட்டு, “அவரு சொல்றது சரிதான்ல?” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அன்று பிற்பகல் ஆய்வக உதவியாளர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. காபி கொடுத்தோம், டம்ளரைக் கையில் வைத்திருந்தாரே தவிரக் குடிக்கவில்லை.

“பாப்பா, நான் பிரின்சிபாலுக்கு எழுதிக் குடுத்துட்டேன். நான்தான் அணைச்சேன்னு. ஒன் மேல ஒரு பேச்சு வரக்கூடாது.”

“ஏன்ணே இப்படிப் பண்ணுனீங்க? யாரு ஒங்கள எழுதிக் குடுக்கச் சொன்னா?”

“முப்பது வருசமா நான் தொடச்சு வைக்காத பொருளு அங்க ஒண்ணு கெடையாது. ஒன்னுதத் தொடைக்கப் போயி…”

என் மனைவி சமையலறையிலிருந்தே, “காபி ஆறுது, அண்ணே. ஆறுனா மறுபடி சுட வைக்க மாட்டேன். இந்த வீட்டுல இனிமே எதையும் ரெண்டு வாட்டி பண்றதில்லன்னு முடிவு பண்ணியிருக்கோம்,” என்றாள். அவர் திடுக்கிட்டு ஒரே மடக்கில் குடித்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

போகும்போது வாசலில் நின்று கேட்டார். “நாளைக்குக் காலையில அங்க போறதுன்னா, ஐஸ் பெட்டிய நான் தூக்கியாறேன் பாப்பா.”

“போகச் சொல்லி யாரும் சொல்லலண்ணே.”

“வேண்டாம்னும் சொல்லலல்ல?”

மகள் என்னைப் பார்த்தாள். “வரப்புல போயி நிப்போம்பா. உள்ள கால் வைக்க வேண்டாம். போங்கன்னா வந்துருவோம். டிராக்டர் வந்தப்பெறகு நிக்கிறதுக்கு எடமே இருக்காது.”

திங்கட்கிழமை இருட்டு பிரிவதற்குள் போய்விட்டோம். சிறுமலைப் பக்கம் மேகம் கட்டியிருந்தது; காற்றில் ஈரம் இருந்தது. மழை வந்தால் எல்லாம் முடிந்தது. வண்டிகளைத் தார்ச்சாலையிலேயே விட்டுவிட்டு நடந்தோம். உதவியாளர் ஐஸ் பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார். முதல்நாள் வீட்டுக்குப் போகும் வழியில் தானே கடைக்குப் போய் வாங்கிய பனிக்கட்டி. தன் பூசைத் துண்டால் பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்தார். மகள் கையில் புது பிளேடுகளும் குழாய்களும். வேலிப் படலுக்கு வெளியே வரப்பில் நின்றோம். மோட்டார் ரூமில் விளக்கு எரியவில்லை. நாய் இரண்டு தரம் குரைத்துவிட்டு எங்களை அடையாளம் கண்டு படுத்துக்கொண்டது.

கிழக்கே வெளுக்கத் தொடங்கியது. வெயில் செடியில் பட்டுவிட்டால் இலைகள் தண்ணீரை மேலே இழுக்க ஆரம்பித்துவிடும். அதன் பின் வெட்டினால் வெட்டுவாய் காய்ந்துதான் கிடக்கும். அது எனக்கும் தெரியும். மகள் வானத்தைப் பார்க்கவே இல்லை. செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாடிய இலைகளுக்கு நடுவே அங்கங்கே சிவப்பாகப் பழங்கள் தொங்கின. பறிக்காமல் விட்டவை.

“இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?” என்றேன்.

“கேக்காதப்பா.”

பிறகு அவள் சட்டென்று குனிந்தாள். வேலிக்கு அடியில் கையை நீட்டி, பாத்தி ஓரத்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஈரமா இருக்கு.”

“பனியா இருக்கும்.”

“இல்லப்பா. சொதசொதன்னு இருக்கு. தண்ணி விட்டிருக்காங்க.” அவள் குரல் மாறிவிட்டது. “நாளைக்கு ஓட்டப் போற தோட்டத்துக்கு யாராச்சும் தண்ணி விடுவாங்களாப்பா?”

சாறு எடுப்பதற்கு முந்தைய மாலை நன்றாகத் தண்ணீர் பாய்ந்திருக்க வேண்டும். வேர் நிறையக் குடித்திருந்தால்தான் வெட்டியதும் மேலே தள்ளும். அதைச் சாறு எடுத்தவர்களும், முன்பெல்லாம் அவர்கள் கேட்டுத் தண்ணீர் விட்டவர்களும் தவிர வேறு யாரும் நினைத்துப் பார்க்கப் போவதில்லை. உதவியாளர் ஐஸ் பெட்டியைக் கீழே வைக்கப் போனவர், வைக்காமல் அப்படியே நின்றார்.

மோட்டார் ரூம் பின்னாலிருந்து தோட்டக்காரரின் மனைவி வந்தார். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். கணுக்கால் வரை சேறு காய்ந்திருந்தது. அவர் தனியாகத்தான் வந்தார். வேலிப் படலின் கயிற்றை அவிழ்த்து ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்தார். என்னையும் உதவியாளரையும் பார்க்கவில்லை. என் மகளிடம் மட்டும் பேசினார்.

“அவரு வர மாட்டாரு தாயி. தூங்குற மாதிரி படுத்திருக்காரு, தூங்கல. நீ வெட்டு, வெயிலு வந்துரப் போகுது. ஆனா ஒண்ணு. பழத்துக்கு ஏறுதா இல்லையான்னு தெரிஞ்ச அன்னைக்கே எங்கிட்ட வந்து சொல்லிப்புடணும். நல்லதோ கெட்டதோ, மறைக்கக் கூடாது. அவருகிட்ட எப்பச் சொல்லணும்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு மூணு வேளையும் நான் இததான் ஆக்கிப் போடுறேன்.”